சோறு போடுறதுக்கு எதுக்கு சார் ரூல்ஸ்?

டிஸ்கி: நீளமான பதிவு. உள்குத்து எதுவும் இல்லை, எல்லாமே நேர்குத்துதான் :-)

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மொட்டை மாடி. பன்னிரண்டு பேர், ரெண்டு பிளாஸ்க் டீ, ஆளுக்கு ஒரு தாள். தாளில் எங்க குழுவுக்கான விதிமுறைகள். எழுதினது அடியேன்தான் (ஒண்ணே ஒண்ணைத் தவிர, அதுக்கு அப்புறம் வர்றேன்). படிச்சுப் பார்த்த ஒரு பெரியவர், பேங்க்ல இருந்து ரிடையர் ஆனவர், எங்க எல்லாரையும் விட சீனியர், தாளை நாலா மடிச்சு டம்ளருக்கு அடியில வெச்சார். "சோறு போடுறதுக்கு எதுக்கு சார் ரூல்ஸ்? இது என்ன ஆபீஸா?"ன்னு கேட்டார். எழுந்து போயிட்டார்.

அவர் மேல எனக்குக் கோபம் இல்லை. ராத்திரி பத்தரை மணிக்கு சொந்த கார்ல சாம்பார் அண்டாவை ஏத்திக்கிட்டு, சீட்டெல்லாம் சாம்பார் வாசனையோட ஊரைச் சுத்தின மனுஷன். ஆனா அவர் கேட்ட கேள்விக்கு அன்னிக்கு எனக்குச் சரியா பதில் சொல்லத் தெரியலை. வீட்டுக்கு வந்து தங்கமணி கிட்ட பொரிஞ்சு தள்ளினேன். "இதை அங்கேயே சொல்லியிருக்கலாமே"ன்னாங்க. சொல்லலையே. அதான் இங்கே.

குழுன்னு சொன்னேனே தவிர, அதுக்கு இன்னும் பேர்கூட வைக்கலை. ரெண்டு வேலை. ஒண்ணு, ஒருத்தர் வீட்டு கார் ஷெட்ல அரிசி, பருப்பு, எண்ணெய், ரவைன்னு சேர்த்து வெச்சு, கஷ்டத்துல இருக்கிற குடும்பங்களுக்கு மாசாமாசம் கொடுக்கிறது. இன்னொண்ணு, கேம்ப் ரோட்டுல இருந்து மேடவாக்கம் வரைக்கும் வேளச்சேரி ரோட்டை ஒட்டி இருக்கிற கல்யாண மண்டபங்கள்ல மீந்ததை எடுத்து, தாம்பரம் ஸ்டேஷன் வாசல், கட்டடம் கட்டுற இடங்கள்னு கொண்டு போய்க் கொடுக்கிறது.

பெரியவருக்கு முக்கியமா கோபம் வந்தது மூணாவது விதியில: "ராத்திரி ரிசப்ஷன் சாப்பாடு எடுக்கக் கூடாது." எங்களுக்கு வர்ற போன்ல முக்கால்வாசி ரிசப்ஷன் சாப்பாட்டுக்குத்தான். அதை வேண்டாம்னு சொன்னா குழுவையே இழுத்து மூடுன மாதிரி. அவர் பக்கம் நியாயம் இருக்கு. இருந்தும் ஏன் எழுதினேன்?

முகூர்த்தச் சாப்பாடு காலையில பத்து மணி வாக்குல இறக்குவாங்க. ஒன்றரை மணிக்குப் பந்தி முடிஞ்சுடும். நாம ரெண்டு மணிக்குள்ள கொடுத்துடலாம். ரிசப்ஷன் அப்படி இல்லை. மாஸ்டர் நாலு, நாலரைக்கே இறக்கி வெச்சுடுவார். மாப்பிள்ளை, பொண்ணு மேடைக்கு வரவே ஏழரை. கடைசிப் பந்தி எழுந்திருக்கப் பத்து. அதுக்கப்புறம்தான் "சார், ஒரு அண்டா வெஜ் பிரியாணி மிச்சம் இருக்கு, வர்றீங்களா?"ன்னு போன். நாங்க போய், தூக்கி, ஏத்தி, ஸ்டேஷன் வாசல்ல மூடியைத் திறக்கும்போது மணி பதினொண்ணு. இறக்கி ஆறரை மணி நேரம் ஆகியிருக்கும்.

ஒரு நாள் அப்படித்தான் திறந்தேன். ஆவி வந்தது. மோந்து பார்த்தேன், வாசனை நல்லாவே இருந்தது. "சூப்பரா இருக்கு, கொடுக்கலாம்"னு சொன்னது நான்தான். கொடுத்தோம். அடுத்த வாரமும் போனோம், அதுக்கு அடுத்த வாரமும் போனோம். மூணாவது வாரம் அங்கே பூ கட்டி விக்கிற அக்கா, பேச்சு வாக்குல சொன்னாங்க: "அன்னிக்கு பிரியாணி குடுத்தீங்களே தம்பி, ராவெல்லாம் எனக்கும் பசங்க ரெண்டுக்கும் வாந்தி. சின்னவன் ரொம்பத் துவண்டுட்டான்." ஏங்க்கா அப்பவே சொல்லலைன்னு கேட்டேன். "சொன்னா வராம போயிடுவீங்களோன்னு சொல்லலை."

மூணு வாரம் அந்தம்மா அதை மனசுல வெச்சுக்கிட்டு எங்களைப் பார்த்துச் சிரிச்சிருக்காங்க.

ஓட்டல்ல இட்லி ஊசியிருந்தா நாம என்ன பண்ணுவோம்? தட்டைத் தள்ளி வெச்சுட்டு முதலாளியைக் கூப்பிடுவோம். காசு கொடுக்க மாட்டேன்னு சண்டை போடுவோம். காசு கொடுத்தவனுக்கு இருக்கிற அந்த வாய் இலவசமா வாங்கிறவங்களுக்குக் கிடையாது. அவங்க போட முடியாத சண்டையை, அவங்க சார்புல நாமே நமக்கு எதிரா போட்டு வெச்சுக்கிறதுதான் அந்தத் தாள். பெரியவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான், ரெண்டு நாள் லேட்டா வந்தது.

அப்புறம் படிச்சப்பதான் தெரிஞ்சது, நான் மோந்து பார்த்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம்னு. அரிசியில சாதாரணமாவே இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியா, பேசில்லஸ் சீரியஸ்னு பேர் (பேர்லயே சீரியஸ்). அதோட வித்துகள் கொதிக்கிற தண்ணியிலயும் தாக்குப்பிடிக்கும். சோறு வெதுவெதுப்பா கிடந்தா முளைச்சுப் பெருகும். அது உண்டாக்குற, வாந்தி எடுக்க வைக்கிற நச்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. வாசனையில தெரியாது, ருசியில தெரியாது. 5 டிகிரிக்கு மேல 60 டிகிரிக்குக் கீழே இருக்கிற சூடுதான் இந்த மாதிரி கிருமிகளுக்கெல்லாம் கொண்டாட்டம். மூடி வெச்ச அண்டாவுல இருந்து லேசா ஆவி வந்ததுன்னு நான் சந்தோஷப்பட்டது அநேகமா அந்தச் சூட்டைப் பார்த்துத்தான். தேங்காய் அரைச்சு விட்ட கூட்டு, அவியல் எல்லாம் எவ்வளவோ தேவலை, கெட்டுப் போனா நூல் விட்டுக் காட்டிக் கொடுத்துடும். பிரியாணிக்கு அந்த நாணயம் கிடையாது.

அதனால எங்க தாள்ல ருசி, வாசனை எதுவும் இல்லை, கடிகாரம் மட்டும்தான். இறக்கின நேரத்துல இருந்து நாலு மணி நேரத்துக்குள்ள சாப்பிடுறவர் கைக்குப் போயிடணும். இறக்கின நேரத்தை மாஸ்டரே சொல்லணும், மேனேஜர் சொன்னா கணக்குல சேராது. பந்தியில சுத்தி வந்த வாளியில இருக்கிறது வேண்டாம், அண்டாவுல இருக்கிறது மட்டும். (மிச்சம் வேற, எச்சில் வேறங்கிறது நம்ம பாட்டிகளுக்கு எந்தப் பயிற்சி வகுப்பும் இல்லாம தெரிஞ்ச விஷயம்.) சந்தேகம்னா கொட்டிடணும். சந்தேகப்படுற உரிமை குழுவுல கடைசியா சேர்ந்த காலேஜ் பையனுக்கும் உண்டு. அவன் வேண்டாம்னு சொன்னா, நான் சொன்னாலும் வண்டி கிளம்பாது.

அன்னதானத்துக்கு ரூலா, நம்ம மரபுல இல்லாததான்னு கேட்கிறவங்களுக்கு: மதுரை சித்திரைத் திருவிழாவுல அன்னதானம் போடணும்னா உணவுப் பாதுகாப்புத் துறையில பதிவு பண்ணச் சொல்றாங்க. மீந்த உணவை வாங்கிக் கொடுக்கிறதுக்குன்னே எஃப்எஸ்எஸ்ஏஐ 2019ல தனியா ஒழுங்குமுறை கொண்டு வந்திருக்கு. யார் கிட்ட என்ன வாங்கினோம், எங்கே கொடுத்தோம்னு பதிவேடு வைக்கிறதெல்லாம் அதுல வருது. அமெரிக்காவுல 1996ல இருந்தே ஒரு சட்டம் இருக்கு. நல்லெண்ணத்தோட உணவு கொடுத்தவங்க மேல கேஸ் போட முடியாது, ஆனா அப்பட்டமான அலட்சியம்னா அந்தப் பாதுகாப்பு கிடையாது. நல்ல மனசு இருக்குங்கிறது மட்டும் போதாதுன்னு அந்த ஊர்லயும் யாரோ ஒரு பூக்கார அக்கா சொல்லியிருப்பாங்க போல.

சாப்பாட்டுக்கு அடுத்தது வரிசை. இதுல நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

2005 டிசம்பர் 18. எம்.ஜி.ஆர். நகர். அந்த வருஷ மழை வெள்ளத்துக்கான நிவாரண டோக்கன் வாங்க, ஒரு பள்ளிக்கூட வாசல்ல விடியறதுக்கு முன்னாடியே கூட்டம். நெரிசல்ல 42 பேர் செத்துப் போனாங்க. அதுக்கு ஆறு வாரம் முன்னாடிதான், நவம்பர் 6ம் தேதி, வியாசர்பாடியில இதே மாதிரி நிவாரணக் கூட்டத்துல ஆறு பேர். சரி, பழைய கதைன்னு விட்டுடலாமா? 2023 பிப்ரவரி 4, வாணியம்பாடி. தைப்பூசத்துக்கு இலவச வேட்டி சேலை கொடுக்கிறதா சொல்லி டோக்கன். நாலு பெண்கள் போயிட்டாங்க, எல்லாம் வயசானவங்க. கொடுக்க நினைச்சவங்க யாரும் கெட்டவங்க இல்லை. கொடுக்கிறோம்னு கூப்பிட்டதும் கூட்டம் வந்ததும்தான் நடந்தது. வெள்ளத்துல தப்பிச்சவங்க வரிசையில செத்தாங்கங்கிறதை நினைச்சா இன்னிக்கும் எனக்கு வயித்தைப் பிசையும்.

இருபது பொட்டலத்தோட போற எங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு பெரியவர் கேட்பார். முப்பது பேர் நிக்கிற இடத்துல இருபது பொட்டலத்தைத் திறந்தா, அந்த வாசல் சின்ன அளவுல இங்கேயே வந்துடும். நான் பார்த்திருக்கேன். 2015 டிசம்பர் 1ம் தேதி தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் கொட்டினதே, அதுக்கு அடுத்த நாட்கள்ல முடிச்சூர் பக்கம் போனவங்க எல்லாருக்கும் இது தெரியும். வண்டி போற தூரம் வரைக்கும் இருந்தவங்களுக்கு ஒரே நாள்ல அஞ்சு தடவை சாம்பார் சாதம். தண்ணி இடுப்பளவு நின்ன உள் தெருவுக்கு ஒண்ணும் போகலை. வேன்ல நின்னுக்கிட்டு பொட்டலத்தைத் தூக்கி வீசினாங்க. வலுத்தவன் பிடிச்சான். ரோட்டோரம் பிரிக்காத பொட்டலமும் பழைய துணியும் மலை மாதிரி கிடந்தது. அந்த நேரத்து ஸ்டிக்கர் கதை உங்களுக்கே தெரியும், நான் வேற சொல்லணுமா.

அதனால: கூட்டத்தைக் கூப்பிடாதே, ஆளைத் தேடிப் போ. திறக்கிறதுக்கு முன்னாடி தலையை எண்ணு. எதையும் தூக்கிப் போடாதே, கையில கொடு. தீரப் போகுதுன்னா வரிசையில கடைசியா நிக்கிறவர் கிட்ட முதல்ல போய்ச் சொல்லு. இந்தக் கடைசி விஷயம்தான் ரொம்பக் கஷ்டம். முகத்தைப் பார்த்து "உங்களுக்கு இல்லைங்க"ன்னு சொல்லணும். புதுசா வர்றவங்க எல்லாரும் முதல் ஆளுக்குக் கொடுக்கத்தான் ஆசைப்படுவாங்க. கடைசி ஆள் கிட்ட போகிற வேலையை யாரும் கேட்டு வாங்கிறதில்லை. அதனால முறை வெச்சுக்கிட்டோம்.

2020 ஊரடங்குல நேரடியா உணவு கொடுக்கக் கூடாதுன்னு அரசு சொல்லி, விஷயம் ஹைகோர்ட் வரைக்கும் போனது நினைவிருக்கும். 48 மணி நேரம் முன்னாடியே அதிகாரிங்களுக்குச் சொல்லிட்டு, ரொம்பக் கொஞ்சம் பேரா போய்க் கொடுங்கன்னு நிபந்தனை போட்டு அனுமதிச்சாங்க. அன்னிக்கு எரிச்சலாத்தான் இருந்தது. ஆனா ஒரு வண்டிக்கு பத்து பேர் தொத்திக்கிட்டு போற பழக்கம் போனது அப்பத்தான். சோத்தை விட கொடுக்கிற ஆள் அதிகமா இருந்தா, சாப்பிடுறவருக்கு அது கண்காட்சி.

கண்காட்சின்னதும் போட்டோ. வாங்கிறவர் முகம் தெரியற மாதிரி எடுக்கவே கூடாது. இதுக்கு எங்க குழுவுலயே முனகல். காசு கொடுக்கிறவங்க போட்டோ கேட்கிறாங்களாம். அண்டாவை எடு, ரசீதை எடு, கார் ஷெட்ல அடுக்கின அரிசி மூட்டையை எடு. கணக்கு மாசாமாசம் வாட்ஸப்ல வந்துடும், ரெண்டு பேர் கையெழுத்தோட. அதுக்கு மேல ஒரு தாயோட நீட்டின கையும் வேணும்னா, அவர் காசு நமக்கு வேண்டாம்.

பிறந்த நாளுக்குக் குழந்தையைக் கூட்டிக்கிட்டு வர்றவங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தாராளமா வாங்க. ஆனா வரிசைக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, "பாரு கண்ணா, நீ எவ்வளவு குடுத்து வெச்சவன் பாரு"ன்னு பாடம் நடத்தாதீங்க. அவங்களுக்கும் தமிழ் தெரியும்.

கார் ஷெட் பக்கம் பிரச்சினை வேற மாதிரி. அங்கே வர்றவங்க தெருவுல படுக்கிறவங்க இல்லை. பக்கத்துத் தெரு, சில சமயம் அதே தெரு. வாடகை வீடு, வேலை போன அப்பா, யூனிஃபார்ம் போட்ட பிள்ளைங்க. ஒரு தடவை எங்க ஆள் ஒருத்தர், நல்லெண்ணத்துலதான், கோயில்ல பார்த்து "என்ன மேடம், அரிசி வந்துடுச்சா?"ன்னு கேட்டுட்டார். அந்தக் குடும்பம் அதோட வர்றதை நிறுத்திடுச்சு. நாங்க தேடிப் போயும் வாங்கிக்கலை. அஞ்சு கிலோ அரிசியை விட அந்த ஒரு கேள்வி கனமா இருந்திருக்கு. அதனால பேர் ரெண்டு பேருக்குத்தான் தெரியும், குரூப்ல எழுதக் கூடாது, வெளியில பார்த்தா பார்த்த மாதிரி சாதாரணமா இருக்கணும். காலாவதி ஆன மைதா பாக்கெட்டைக் கொண்டு வந்து "ஏழைங்கதானே"ன்னு கொடுக்கிறவங்களுக்கு எந்த விதியும் எழுதலை. வாசல்லயே திருப்பிக் கொடுத்துடறோம்.

இப்போ என்னோடது இல்லாத அந்த ஒரு விதி. ஒன்பதாவது: "குடித்திருப்பவர்களுக்கு உணவு கொடுக்கக் கூடாது." மெஜாரிட்டி கேட்டாங்க, எழுதினேன். எனக்கு உடன்பாடு இல்லை. தகராறு பண்றவர் கிட்ட ஒதுங்கிப் போறது வேற. பெண்கள் வர்ற அன்னிக்கு ரெண்டு பேராவது கூட இருக்கணும்னு தனியா விதியே இருக்கு. ஆனா மூச்சை மோந்து பார்த்து சோறு போடுறதா? 1867 மே 23ல வள்ளலார் வடலூர்ல சத்திய தருமச்சாலையில அடுப்பு மூட்டினார். இன்னிக்கு வரைக்கும் அணையலை. அங்கே பசிதான் தகுதி, சாதி மதம் எதுவும் கேட்கிறதில்லை. சரியா நூறு வருஷம் கழிச்சு, 1967ல, அமெரிக்காவுல பீனிக்ஸ் நகரத்துல ஜான் வான் ஹெங்கல்ங்கிறவர் உலகத்தோட முதல் உணவு வங்கின்னு சொல்லப்படுறதை ஆரம்பிச்சார். கடைங்களோட குப்பைத் தொட்டியில தேடி எடுத்துப் பிள்ளைங்களுக்குச் சாப்பாடு போட்ட ஒரு அம்மாகிட்ட இருந்துதான் அந்த யோசனையே வந்ததாம். அந்தம்மாவோட புருஷன் குடிப்பாரா, ஏன் இந்த நிலைமைன்னு விசாரணை நடத்தியிருந்தா வங்கி வந்திருக்காது, அறிவுரை வந்திருக்கும். சாப்பாட்டோட தரத்துக்கு எவ்வளவு விதி வேணும்னாலும் போடுங்க, அது நம்மைக் கட்டுப்படுத்தும். சாப்பிடுறவரோட தரத்துக்கு விதி போட நாம யாரு?

தன்னார்வலர்னா வந்தா உண்டு வராட்டி இல்லைங்கிற நினைப்புக்கும் ஒரு விதி இருக்கு. வியாழக்கிழமைக்குள்ள வர்றேன், வரலைன்னு சொல்லிடணும். ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தின்னா சொல்லிட்டா போச்சு, யாரும் கோவிச்சுக்க மாட்டோம். சொல்லாம வராம இருந்தாத்தான் ஸ்டேஷன் வாசல்ல ஒன்பது மணியில இருந்து காத்துக்கிட்டு இருப்பாங்க, வேற எங்கேயும் போகாம.

செவ்வாய்க்கிழமை பெரியவர் வீட்டுக்குப் போனேன். பூக்கார அக்கா விஷயத்தை முழுசா சொன்னேன். அன்னிக்கு வண்டி ஓட்டினது அவர்தான், அதை நான் சொல்லலை, அவருக்கே நினைவு வந்துடுச்சு. கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அப்போ ரிசப்ஷன் சாப்பாட்டை எல்லாம் குப்பையில போடச் சொல்றீங்களா?"ன்னார். கடைசியில அவர்தான் வழியும் சொன்னார். பெரிய ரிசப்ஷன்னா மாஸ்டர் சாதத்தை ரெண்டு தடவையா போடுவார். ரெண்டாவது அண்டா இறங்க ஏழு, ஏழரை ஆகும். பந்தி முடியற வரைக்கும் நாம காத்திருக்காம ஒன்பது மணிக்கே போய் நிக்கலாம், பரிமாறப் போகாத ரெண்டாவது அண்டாவை மட்டும் எடுக்கலாம், மாஸ்டர் மூடி மேல சாக்பீஸால நேரம் எழுதித் தரணும். ரெண்டு மண்டபத்துல பேசியாச்சு. ஒரு மண்டபத்துல சரின்னுட்டாங்க. இன்னொண்ணுல, "ஓசியில குடுக்கிறதுக்கு நேரம் வேற எழுதணுமா?"ன்னு கேட்டிருக்காங்க. பெரியவர் அங்கே அரை மணி நேரம் ரூல்ஸ் பத்திப் பேசிட்டு வந்ததா கேள்வி :-)

மூணாவது விதியைத் திருத்தி எழுதிட்டேன். வாசல் வரைக்கும் வந்தவர், "ஆனா சார், அந்த ஒன்பதாவது ரூல் மட்டும் எடுக்கக் கூடாது, சொல்லிட்டேன்"னார். வர்ற ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்பு. இப்போதைக்கு ஆறுக்கு அஞ்சு, அவர் பக்கம். பன்னிரண்டாவது ஆள் ஊர்ல இருந்து சனிக்கிழமைதான் வர்றார். ஸ்டேஷனுக்கு நானே போய்க் கூட்டிக்கிட்டு வரலாம்னு இருக்கேன்.